காற்றுப் பார்க்க நிறுத்திய பஸ்

பெட்ரோல் பங்க் வந்ததும் பஸ்ஸை ஓரங்கட்டுவேன். டயருக்குக் காற்றுப் பார்க்க வேண்டும் என்று பின்னால் திரும்பிச் சொல்லிவிட்டு இறங்குவேன். ஒப்புக்கு ஒரு டயரைக் காலால் தட்டிவிட்டு, பங்குக்குப் பின்னால் இருக்கும் கழிவறைக்கு வேகமாக நடப்பேன். ஏறக்குறைய ஒன்றரை வருடம், ஒவ்வொரு நடையிலும் இதே பொய்தான். ஆறு டயருக்கும் அத்தனை முறை காற்று அடித்திருந்தால் பஸ் பறந்தே போயிருக்கும்.

நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ஸ்ரீபெரும்புதூரில் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஒரகடம் தாண்டி வடக்குப்பட்டுப் பக்கம் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் இறக்குவேன். ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். வயது அறுபத்தொன்று. வீடு வல்லக்கோட்டையில். ஆண்கள் போகிற பஸ்ஸாக இருந்திருந்தால் எங்கேயாவது நிறுத்தி இறங்கியிருப்பேன். என் பஸ்ஸில் நாற்பது பேரும் பெண்கள், என் மகளைவிடச் சின்னவர்கள். தவிர, ஒதுங்குவதற்குச் சாலையோரத்தில் புதரும் கிடையாது. இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு மேலே கேமரா.

தொந்தரவு எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போய் நின்றால் உடனே வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வந்தாலும் நூல் மாதிரி, விட்டு விட்டு வரும். முடிந்தது என்று நினைத்து பேண்டைச் சரிசெய்தால் பிறகு இரண்டு சொட்டு இறங்கும். காக்கித் துணியில் ஈரம் பளிச்சென்று தெரிகிறது என்று கருநீலப் பேண்டுக்கு மாறினேன். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்து கியர் போட்டால் மறுபடி போக வேண்டும் போல் இருக்கும். ஒரு கட்டத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். காலையில் ஒரு வாய், மத்தியானம் சாப்பாட்டோடு ஒரு வாய். டீயை மட்டும் விட முடியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. வயதானால் இப்படித்தான் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் வேறொன்றைச் சொன்னது. என்னோடு பஸ் ஓட்டிய ஒருவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்து, புற்றுநோய் என்று கண்டுபிடித்து, ஆறே மாதத்தில் போய்விட்டார். எனக்கு ரத்தமெல்லாம் வரவில்லை. ஆனாலும் டாக்டரிடம் போனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். போகாமல் இருந்தால் அது இல்லை என்றே ஆகிவிடும் என்பது போல இருந்தேன். மனைவிக்குச் சந்தேகம் இருந்தது. கேட்கும்போதெல்லாம் சூடு பிடித்துக்கொண்டது என்று சொல்லிச் சமாளித்தேன். மோரும் வெந்தயமும் கொடுத்தாள்.

ஒரு மழை மாதத்தில் எனக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்துக்கொண்டு ஓட்ட முடியவில்லை. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி, வேளைக்கு ஒன்றாக இரண்டு நாள் மாத்திரை போட்டேன். மூக்கு திறந்தது. மூன்றாம் நாள் காலையிலிருந்து சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மத்தியானம் இரண்டாவது ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, வழக்கம் போல் பங்கில் நிறுத்தினேன். பத்து நிமிடம் நின்றேன். முக்கிப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டுகூட வரவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வந்து வண்டியை எடுத்துவிட்டேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஒரகடம் கூட்ரோடு வருவதற்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. பிரேக்கை மிதிக்கும்போது கண் இருட்டியது. என் பின்னால் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தது. லாரிகள் நிற்கும் ஓரமாகப் பார்த்து பஸ்ஸை நிறுத்தி, விளக்கைச் சிமிட்ட விட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

எனக்கு நேர் பின்னால் முதல் சீட்டில் தினமும் உட்காருகிற ஒரு பெண் உண்டு. திருநெல்வேலிப் பக்கம். தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை. அவள் எழுந்து வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இப்படி வேர்த்து ஊத்துது? நெஞ்சு வலிக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். என் கை அடிவயிற்றைப் பிடித்திருப்பதை அவள் பார்த்தாள். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"ஒண்ணுக்கு அடைச்சுட்டா?"

ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தேன்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் அடைச்சுட்டு. டியூப் போட்டதும் சரியாப் போச்சு. நீங்க ஸ்டியரிங்க விட்டு எந்திரிங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

பிறகு அவள் சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். வேறு பஸ் வேண்டும், கம்பெனி ஆம்புலன்ஸ் வேண்டும், இரண்டும் இப்போதே வேண்டும் என்று சொன்னாள். பஸ்ஸில் மற்றவர்கள் என்ன என்று கேட்டபோது, அண்ணாச்சிக்கு வயிற்றுவலி என்று மட்டும் சொன்னாள். வேறொரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. யாரோ கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி எனக்கு விசிறினார்கள். ஒன்றரை வருடமாக யாருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தேனோ, அவர்கள் நடுவில்தான் இரண்டு சீட்டை அடைத்துக்கொண்டு படுத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வழியில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து வருடமாக அதே தடைகளின் மேல் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் அடிவயிற்றில் கையை வைத்ததுமே தெரிந்துகொண்டார். ஒரு ஆண் நர்ஸ் வந்தார். வழவழவென்று ஏதோ மருந்தைத் தடவி, மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொல்லி, டியூபை உள்ளே செலுத்தினார். எரிந்தது. பிறகு ஓர் இடத்தில் இடித்தது போல் இருந்தது. அதைத் தாண்டியதும் எல்லாம் இறங்கத் தொடங்கியது.

அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வலி ஒரேயடியாகப் போகவில்லை. விரல் விரலாகப் பிடியை விடுவது போல விட்டது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றுகிற சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நர்ஸ் பார்த்தும் பார்க்காதவர் போல, ஒரு லிட்டரைத் தாண்டிவிட்டது என்று டியூபின் முனையில் மாட்டியிருந்த பையைப் பார்த்துச் சொன்னார்.

என் மனைவி ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை செய்கிறாள். தலையில் போட்ட வலைத்தொப்பியைக் கழற்றக்கூட மறந்து அப்படியே வந்து நின்றாள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையை வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோ உள்ள வெச்சிகினா பஸ் ஓட்டினே?"

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் காலைப் போர்வையால் மூடிவிட்டு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று அன்று அங்கேயே இருக்கச் சொன்னார்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது இறங்கியிருந்தது. பிறகு சிறுநீர்ப் பிரிவு டாக்டரிடம் அனுப்பினார்கள். கதவைத் திறந்தால் உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். நாற்பது வயது இருக்கும். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சங்கடமாக இருந்தால் வியாழக்கிழமை ஆண் டாக்டர் வருவார், அவரைப் பார்க்கலாம், அதில் தனக்கு வருத்தமில்லை என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் இன்னாத்துக்கு? நீங்களே பாருங்கம்மா."

முதலில் அவர் கேட்டது, சமீபத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டேனா என்று. சட்டைப் பையில் சளி மாத்திரை அட்டை இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூக்கைத் திறக்கிற இந்த மருந்து சிலருக்குக் கீழே சிறுநீர் போகும் வழியை இறுக்கிவிடும். ஏற்கெனவே வழி குறுகியிருந்ததால் ஒரேயடியாக மூடிக்கொண்டது என்று விளக்கினார். இனிமேல் எந்த மெடிக்கல் கடையில் சளிக்கு மாத்திரை வாங்கினாலும் இந்தத் தொந்தரவைச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும் என்றார்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து, அடைப்பதற்கு முந்தைய ஒரு மாதத்தை நினைத்துப் பதில் சொல்லச் சொன்னார். ஏழு கேள்வி. போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போல் தோன்றுமா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவேனா, விட்டு விட்டு வருமா, அடக்க முடியாமல் போகுமா, வேகம் குறைவா, முக்க வேண்டியிருக்கிறதா, தூக்கத்தில் எத்தனை முறை எழுந்திருப்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து ஏறக்குறைய எப்போதும் என்பது வரைக்கும் மதிப்பெண். பள்ளிக்கூடத்தில் வாங்காத மதிப்பெண்ணை இதில் வாங்கிக்கொண்டிருந்தேன். அதிலும் நான் குறைத்துத்தான் சொன்னேன். தூக்கத்தில் இரண்டு தடவை எழுந்திருப்பேன் என்றதும், மனைவி டாக்டரைப் பார்த்து நான்கு விரலைக் காட்டினாள். டாக்டர் நான்கு என்றே எழுதிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று கேட்டார். இப்படியே மிச்ச காலமும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் யோசிக்காமல் சொன்னேன்.

"பழகிடும் டாக்டர்."

மனைவி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இவருக்குப் பழகிடும். எனக்கு பயமா கீது."

அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. பெட்ரோல் பங்க், டயர், கருநீலப் பேண்டு, தண்ணீர் குடிக்காமல் இருந்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அடுத்தது உடல் பரிசோதனை. ஆண் உதவியாளர் ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, என்ன செய்யப் போகிறார், எதற்குச் செய்கிறார் என்று முன்னாலேயே டாக்டர் சொன்னார். ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்லி, கையுறை போட்ட விரலால் ஆசனவாய் வழியாகச் சுரப்பியைத் தொட்டுப் பார்த்தார். இதற்குப் பயந்துதான் ஆண்கள் பலர் வராமலே இருக்கிறார்கள் என்று பிறகு சொன்னார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. சங்கடம் உண்டு, வலி இல்லை. பல் பிடுங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதன் பிறகுதான் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். மேலே சிறுநீர்ப்பை, அதன் வாய்க்குக் கீழே ப்ராஸ்டேட் என்ற சுரப்பி, அதன் நடுவில் போகிற குழாய். ஆண்களுக்கு வயது ஆக ஆக அது பெரிதாகிக் குழாயை நெருக்குகிறது. பை அழுத்தி அழுத்தித் தள்ளிப் பார்த்துக் களைத்துவிடுகிறது. முழுதாகக் காலியாவதில்லை. பாதி நிறைந்த பையில் இன்னும் கொஞ்சம் சேர்ந்ததும் மறுபடி அவசரம். நான் தண்ணீரைக் குறைத்ததால் ஒரு பயனும் இல்லை, கல்லும் கிருமியும் சேரத்தான் அது வழி என்றார்.

ஒன்றரை வருடமாகக் கேட்காத கேள்வியை அப்போது கேட்டேன்.

"கேன்சரா டாக்டர்?"

"அப்படி நினைக்கிற மாதிரி எதுவும் என் விரலுக்குத் தட்டுப்படல. பெரிசா இருக்கு, ஆனா வழவழன்னு, ஒரே சீரா இருக்கு. ரத்தத்துல ஒரு டெஸ்ட் பாக்கணும். இப்ப அடைச்சு டியூப் போட்டிருக்கிறதால அளவு கூடுதலா காட்டும், உங்களுக்கு வீண் பயம். ஒன்றரை மாசம் கழிச்சு எடுக்கலாம்."

ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. வெளியே வந்ததும் பசித்தது.

ஒரு வாரம் டியூபோடும் பையோடும் வீட்டில் இருந்தேன். தினம் ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு. அது குழாயைச் சுற்றியிருக்கும் தசையைத் தளர்த்தும், எழும்போது தலை சுற்றலாம், மெதுவாக எழ வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மனைவி பையை மறைக்க ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தாள். பார்க்க வந்த டிரைவர்களில் இரண்டு பேர், வெவ்வேறு நாளில், கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி அது எப்படி ஆரம்பிக்கும் என்று கேட்டார்கள். சொன்னேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் காலையில் டியூபை எடுத்தார்கள். இனி தானாகப் போக வேண்டும். போகாவிட்டால் மறுபடி டியூப். அப்புறம் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டிவரும். கையில் அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொடுத்து, தண்ணீர் குடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். வராந்தா முனையில் ஒரு ஜன்னல். அதன் வழியாகக் கம்பெனி பஸ்கள் போவதும் வருவதும் தெரிந்தது. முதல் தடவை போனபோது குவளையில் அடியை மறைக்கிற அளவுதான் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் பெண், டியூப் இருந்த இடம் எரிச்சலாக இருக்கும், அவசரப்படாதீர்கள் என்றாள். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை கொஞ்சம் கூட வந்தது.

மூன்றாவது தடவை போனபோது, நின்று மூச்சு விடுவதற்குள் தானாகவே வந்தது. நான் எதுவும் செய்யவில்லை. குவளையில் விழுகிற சத்தம் கேட்டது. நிற்காமல் வந்தது. நெடுநாளாக அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை என்று அப்போது உணர்ந்தேன். குவளையைத் தட்டாமல் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். வராந்தாவில் மனைவி எழுந்து நின்றாள். நான் அளவைக் காட்டினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடனே வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே மிச்சம் கொஞ்சம்தான், பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

வீட்டில் மூன்று நாள், எப்போது என்ன குடித்தேன், எப்போது எவ்வளவு போனேன் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை, கச்சிதமாக எழுதினேன். அதைப் பார்த்த டாக்டர் டீ எழுதியிருந்த இடங்களை மட்டும் வட்டம் போட்டார். ஒரு நாளைக்கு ஏழு. அவர் சொல்வதற்கு முன் நானே மூன்றாகக் குறைக்கிறேன் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் கடிதத்தோடு வேலைக்குப் போனேன். வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்ததுதான் மிச்சம். பஸ் காண்டிராக்டர் கடிதத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். முதல் நாள் பங்குக்கு வந்ததும் பஸ்ஸை நிறுத்தி எழுந்து நின்றேன். நான் பாத்ரூம் போகிறேன், ஐந்து நிமிடம் ஆகும், யாருக்காவது வேண்டுமானால் போய் வாருங்கள் என்றேன். முதலில் பின்சீட்டிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவளைப் பார்த்து ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். இத்தனை நாள் அவர்களும் அடக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். ஷிப்டுக்கு உள்ளே போய்விட்டால் இடைவேளை வரைக்கும் போக முடியாதாம். திருநெல்வேலிப் பெண் கீழே இறங்கும்போது, முகம் தெளிஞ்சிருக்கு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்றரை மாதம் முடிந்து ரத்தம் கொடுத்தோம். முடிவு வருகிற நாளில் இன்னொரு பரிசோதனையும் இருந்தது. ஒரு சின்ன அறையில் புனல் வைத்த இயந்திரம். கதவைச் சாத்திக்கொண்டு, அவசரம் வந்ததும் அந்தப் புனலில் போனால், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அது கோடு போடும். டாக்டர் அந்தத் தாளைக் காட்டினார். கோடு மேடு மாதிரி ஏறி இறங்க வேண்டும். என்னுடைய மேடு கொஞ்சம் சப்பையாக இருக்கிறது, ஆனாலும் மேடுதான் என்று சிரித்தார். ஸ்கேனிலும் மிச்சம் குறைந்திருந்தது. மாத்திரையைத் தொடரலாம், வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம், மறுபடி அடைத்தால் வெளியே கத்தி படாமல் உள்வழியாகவே சரிசெய்யலாம் என்றார். ரத்த முடிவைக் கடைசியாகத்தான் எடுத்தார்.

"உங்க வயசுக்கு இருக்க வேண்டிய அளவுக்குள்ளதான் இருக்கு. நிம்மதியாப் போய்ட்டு வாங்க."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். கதவு வரைக்கும் வந்து திரும்பிப் பார்த்தால் மனைவி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நீ வெளியே இரு, எனக்கு டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றாள். இருபது நிமிடம் வராந்தாவில் இருந்தேன். இரண்டு தடவை கதவைத் தட்டலாமா என்று பார்த்தேன். வெளியே வந்தபோது கையில் இடுப்படித் தசைக்கான பயிற்சிப் படம் போட்ட ஒரு தாள் இருந்தது. கேண்டீனில் பெரிய பாத்திரம் தூக்கினாலும், இருமினாலும், சிரித்தாலும் அவளுக்குச் சிறுநீர் கசிந்துவிடுகிறதாம். துணி வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பெண்களுக்கு இது சாதாரணம், மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் நிறையப் பேருக்குக் குறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

"எத்தினி வருஷமா?" என்று கேட்டேன்.

"மூணு."

"சொல்லவே இல்லியே."

"நீ சொன்னியா?"

ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்குத்தான் முதலில் உதடு துடித்தது. எனக்கும் தாங்கவில்லை. போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அவள் ஒரு கையால் தாளையும் இன்னொரு கையால் என் தோளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க வெக்காதே. இன்னும் பயிற்சி ஆரம்பிக்கல."